பெடலில் இருந்த கால்

சலவை ஆலையில் அவளுக்கு மகாராணி என்று பெயர். பெயர் வைத்தவள் கூட வேலை செய்கிற சிரிப்பக்கா. பின்னாலிருந்து மூன்று தரம் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காதவளை வேறு எப்படி அழைப்பதாம்? முதல் மாதம் முழுக்க, தலைக்கனம் பிடித்தவள் என்றுதான் பேசிக்கொண்டார்கள். போகப்போக, வேலையில் கெட்டி, வம்பு தும்புக்குப் போகாதவள் என்று தெரிந்ததும் கோபம் செல்லமாகிவிட்டது. அவள் பேச்சு கொஞ்சம் மழுங்கலாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டத்தில் வரும். அதற்கும் அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரியாம், அங்கே எல்லோரும் இப்படித்தான் பேசுவார்களாம். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உண்மை என்னவென்றால், அவளுக்குக் காது கேட்காது. கொஞ்சம் கேட்கும், உரக்கச் சொன்னால் கேட்கும் என்ற கதையெல்லாம் கிடையாது. ஏழு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் இரண்டு காதையும் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனது. அதற்குள் பேசக் கற்றிருந்தாள். அந்தப் பேச்சு போய்விடக் கூடாது என்று அவள் அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். மகளின் கையைத் தன் தொண்டையில் வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வைத்தாள். பிறகு காது கேளாதோர் பள்ளி விடுதியில் பத்து வருடம். அங்கேதான் கைகளால் பேசவும், சண்டை போடவும், கேலி செய்யவும் கற்றாள். அந்த உலகத்தில் அவள் பெயர், இடது புருவத்தின் மேல் ஒரு விரலை இழுப்பது. புருவத்தில் சின்ன வயசுத் தழும்பு ஒன்று இருக்கிறது, அதுதான்.

ஆலையில் சேரும்போது நிரப்பித் தந்த படிவத்தில், உடல் குறைபாடு உண்டா என்ற கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினாள். அதற்கு முன்னால் மூன்று இடங்களில் ‘உண்டு’ என்று எழுதிப் பார்த்தாயிற்று. மூன்றிலும் மறுபேச்சில்லாமல் திருப்பி அனுப்பினார்கள். நாலாவது இடத்தில் ஒரு பொய் எழுதினாள், வேலை கிடைத்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த பயம் ஒன்பது வருடமாக அவளை விடவில்லை.

அந்த ஒன்பது வருடம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். சாப்பாட்டு அறையில் சுவரை ஒட்டிய மூலை நாற்காலியில்தான் உட்காருவாள், முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. யாராவது பேச வந்தால் முந்திக்கொண்டு அவளே ஒரு கேள்வி கேட்பாள், அப்போதுதான் வருகிற பதில் எதைப் பற்றியது என்று பிடிபடும். எல்லோரும் சிரித்தால் அவளும் சிரிப்பாள், அரை நொடி தாமதமாக. மற்ற நேரமெல்லாம் தலையாட்டல்தான். எதற்கு ஆட்டினோம் என்று தெரியாமலே இரண்டு கல்யாணத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவை யாரோ செத்துப்போன செய்திக்குச் சிரித்துவிட்டு, பல்வலி, வாய் கோணிக்கொண்டது என்று பூசி மெழுகினாள். அன்று வீட்டுக்கு வந்ததும் பயத்தில் வாந்தி எடுத்தாள்.

வீடு வேறு மாதிரி. அவள் கணவர் தச்சர். பிறவியிலிருந்தே கேட்காதவர். வாயால் ஒரு சொல் வராது, கையால் ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார், ஒருவர் கை மற்றவருக்குத் தெரிய வேண்டுமே. ஆலையில் அவரைப் பற்றிக் கேட்டவர்களிடம் வெளியூரில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். மூன்றாம் வருடம் ஒருநாள் திடீர் மழை. அவர் குடையோடு ஆலை வாசலில் வந்து நின்றார். இவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகக் கையைத் தூக்கினார். கூடவே நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவள் யாரோ எவரோ என்று அவரைக் கடந்து போய்விட்டாள். மூன்று தெரு நனைந்துகொண்டே நடந்து, ஆள் இல்லாத இடத்தில் திரும்பிப் பார்த்தாள். அவர் குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி தானும் நனைந்துகொண்டு தூரத்தில் வந்துகொண்டிருந்தார். அதைப் பற்றி ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. ஆலைப் பக்கம் பிறகு வந்ததும் இல்லை.

அவள் வேலை உருளையில். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஈரத்தோடு அந்தப் பெரிய சூடான உருளைக்குள் விட்டால், மறுபக்கம் சுருக்கம் போய் வெளியே வரும். இந்தப் பக்கம் துணி விடுகிறவளின் காலடியில் ஒரு பெடல். மிதித்தால் உருளை சுற்றும், காலை எடுத்தால் நிற்கும். மறுபக்கம் துணி வாங்குகிறவளின் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பொத்தான். துணி சுருண்டு சிக்கினால் அதை அழுத்துவாள். பஸ்ஸர் அலறும், கூடவே உருளைக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு எரியும். இயந்திரம் ஆள் உயரத்துக்கும் மேலே. இந்தப் பக்கத்துக்காரிக்கு அந்தப் பக்கத்துக்காரியின் முகம் தெரியாது.

பஸ்ஸர் அவளுக்கு எதற்கு? பல்பு போதும். துணியைப் பார்க்கிற கண்ணின் ஓரத்தில் பல்பை வைத்தே ஒன்பது வருடம் ஓட்டினாள். அது எரிந்த மறுகணம் அவள் கால் மேலே வந்துவிடும். ஆலையிலேயே வேகமான கால் மகாராணியின் கால் என்று சூப்பர்வைசரே சொல்வார். மறுபக்கம் துணி வாங்குகிற சிரிப்பக்காவுக்கு அதில் அசையாத நம்பிக்கை. ஒரு கை பொத்தானை அழுத்தும்போதே மறு கையைச் சிக்கலை எடுக்க நீட்டிவிடுவாள். கை போய்ச் சேருவதற்குள் உருளை நின்றிருக்கும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் மடிப்பு மேசைக்கு ஒருத்தி வேலைக்கு வந்தாள். காது கேட்காது, பேச்சும் வராது என்று தெரிந்தே சேர்த்தார்கள். வாயாடாமல் வேலை செய்வாள் என்று மேனேஜருக்கு ஒரு நினைப்பு. ஆலையில் அவளைப் ‘புதுசு’ என்றார்கள். மகாராணிக்கு அவள் புதுசு இல்லை. விடுதியில் இரண்டு வகுப்பு கீழே படித்தவள், பக்கத்துக் கட்டில்காரி. கன்னத்தில் விழுகிற குழியை விரலால் தொட்டுக் காட்டினால் அதுதான் அவள் பெயர். நாம் கன்னக்குழி என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் காலையில் கன்னக்குழி இவளைக் கண்டாள். கண் விரிந்தது, விரல் புருவத்தை நோக்கி எழுந்தது. மகாராணி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னக்குழியின் விரல் பாதி வழியில் நின்று, நெற்றியில் இல்லாத வியர்வையைத் துடைத்தது. அவ்வளவு சூட்டிகை. பிறகு கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு கைகளால் கேட்டாள். உனக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டதா? இல்லை. இவர்களுக்குத் தெரியுமா? தெரியாது. எத்தனை நாளாக? ஒன்பது வருடமாக. கன்னக்குழி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பலே ஆளடி நீ என்றாள். மகாராணிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கட்டடத்துக்குள் யாரையும் பார்த்துச் செய்யாமல் தானாக அவள் சிரித்தது அன்றுதான்.

அதன்பிறகு விரிப்பு மடிக்கும் சாக்கில் பேசிக்கொண்டார்கள். உருளைக்கு ஓய்வு கொடுக்கிற மதியத்தில் மகாராணியும் மடிப்பு மேசைக்கு வருவாள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். விலகி நின்று உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நெருங்குகிற நேரத்தில் துணி மறைவில் ஒரு கை சும்மா இருக்கும். அந்த ஒரு கையால், நெஞ்சுக்குக் கீழே, சின்னச் சின்னதாக, காதும் காதும் வைத்தாற்போல் பேச்சு நடந்தது. விடுதி வார்டனின் குறட்டை, அண்ணியின் முகச்சுளிப்பு, சம்பளத்தில் வாங்கிய முதல் செருப்பு. கன்னக்குழி அண்ணன் வீட்டில் இருந்தாள், வாழ்க்கையில் இது அவளுக்கு முதல் வேலை. அந்தச் சந்தோஷத்தில் அவள் கை சமயத்தில் பெரிதாகிவிடும். மகாராணி பதறிப்போய் அதைப் பிடித்து அமுக்குவாள். இருவரும்தான் மெதுவாக மடிக்கிறார்கள் என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தார். சந்தோஷம் ஒரு பங்கு வந்தால் பயம் இரண்டு பங்கு வந்தது.

திங்கட்கிழமை காலை பல்பு எரியவில்லை.

வேலை தொடங்கும் முன் சிரிப்பக்கா பொத்தானை ஒரு தரம் அழுத்திப் பார்ப்பது வழக்கம். அன்று பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பஸ்ஸர் அடிக்கிறது என்று அர்த்தம். மேலே பார்த்தால் பல்பு இருட்டு. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை, கவனிக்க அவர்களுக்கு அவசியமும் இல்லை. எலக்ட்ரீசியனிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து நிமிடத்தில் மாட்டிவிடுவார். கன்னக்குழியாக இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டியிருப்பாள். மகாராணி சொல்லவில்லை. பஸ்ஸர்தான் காதைக் கிழிக்கிறதே, உனக்கு எதற்குப் பல்பு என்று ஒரு கேள்வி வந்தால்? கேட்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் ஒன்பது வருடம் ஒரே பயத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது சொல்கிறபடிதான் மூளை வேலை செய்யும்.

பக்கவாட்டில் உலர்த்தும் இயந்திரத்தில் ஒருவர் நிற்பார். பஸ்ஸர் அடித்தால் அவர் தலை தானாக இந்தப் பக்கம் திரும்பும். அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஓட்டினாள். சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு சிவப்பு பல்புகூட வாங்கினாள், பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். அத்தனை உயரத்தில் யாருக்கும் தெரியாமல் எப்படி ஏறி மாட்டுவது?

வியாழக்கிழமை ஆள் குறைவு. துணியை உதறிக் கொடுக்கச் சொல்லி கன்னக்குழியை சூப்பர்வைசர் உருளைப் பக்கம் அனுப்பினார். பெடலில் மட்டும் கால் வைக்கக் கூடாது என்று விரலை ஆட்டிச் சைகை காட்டிவிட்டுப் போனார். பத்தரை மணிக்கு உலர்த்தும் இயந்திரத்துக்காரர் டீ குடிக்கப் போனார். மகாராணி அதைப் பார்த்தாள். நிறுத்திவிடலாமா என்று நினைத்தாள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்களே என்று நினைத்தாள். துணியை விட்டாள்.

அடுத்து நடந்தது அவளுக்கு ஒழுங்காக நினைவில்லை. கன்னக்குழி தூரத்தில் யாரோ வாயை அகலத் திறந்துகொண்டு ஓடி வருவதைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் இவளைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். பெடலிலிருந்து கால் விடுபட்டு மகாராணி துணி வண்டியின் மேல் போய் விழுந்தாள். எழுந்து மறுபக்கம் ஓடினாள், அங்கே கூட்டம் கூடியிருந்தது. சிரிப்பக்காவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். வலது கை விரல்கள் மூன்று வெந்து தோல் உரிந்திருந்தன. அவள் வாய் திறந்திருந்தது. அவள் கத்துகிறாள் என்பது மகாராணிக்குக் கண்ணால் தெரிந்தது. இந்தப் பக்கம் ஓடி வந்தவர்கள் கண்ணில் பட்டது, பெடல் பக்கத்தில் தனியாக நின்ற கன்னக்குழி.

அதற்குமேல் யாருக்கும் எதுவும் விசாரிக்கத் தேவைப்படவில்லை. பஸ்ஸர் அலறியும் கால் எடுக்கவில்லை என்றால் அது காது கேட்காதவள் கால்தானே. மகாராணியின் தோளை ஒருத்தி தட்டிக்கொடுத்து, நல்லவேளை உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாள். அவள் தலையாட்டினாள்.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சைகைகள் ஒன்றோடொன்று குழம்பியதால் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பல்பு எரியவில்லை என்று யாரிடமாவது சொன்னாயா? இல்லை என்றாள். அவர் உளியை எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார். முதுகைக் காட்டியவரிடம் பேச அந்த வீட்டில் வழி கிடையாது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறைக்கு நேரில் பார்த்தவள் என்று அவளைக் கூப்பிட்டார்கள். மேனேஜர், சூப்பர்வைசர், மேசைக்கு முன்னால் நாற்காலி நுனியில் கன்னக்குழி. ஒரு தாளில் வாக்குமூலம் தயாராக இருந்தது. பெடலை மிதித்தது யாரோ அவருக்கு இன்றோடு வேலை இல்லை, சிரிப்பக்காவின் வீட்டார் விரும்பினால் போலீசுக்கும் போகும். மேனேஜர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்ட, கன்னக்குழி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். புரியாமல் ஆட்டுகிறாள் என்று மகாராணி நினைத்தாள். அப்போது மேசை விளிம்புக்குக் கீழே கன்னக்குழியின் இடது கை அசைந்தது. நீ பேசாதே. நான் போகிறேன். எனக்கு அண்ணன் வீட்டுச் சோறு இருக்கிறது. நீ இரு.

மகாராணிக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. பெருமூச்சே வந்துவிட்டது. அந்த நிம்மதியைத் தானே கண்டுகொண்டபோது அவளுக்குத் தன்மேல் வந்த பயம், ஒன்பது வருடத்தில் வேறு எதன்மேலும் வந்ததில்லை.

“பெடல்ல இருந்தது நான் சார்” என்றாள்.

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். இருவரும் லேசாகச் சிரித்தார்கள். “பாவம்னு பாக்குற. உன் நல்ல மனசு எங்களுக்குத் தெரியாதாம்மா? ஆனா இது விளையாட்டு இல்ல. உன் காலப் பத்தி இந்த ஆலைக்கே தெரியும்.”

“எனக்குக் காது கேக்காது சார். பல்பு திங்கக்கிழமையே போயிடுச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல.”

“இப்ப நான் பேசுறது கேக்குதுல்ல?”

“கேக்கல சார். உங்க உதட்டப் பாக்குறேன்.”

சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். மேனேஜர் பேனாவைத் திறந்து கன்னக்குழியின் பக்கம் நீட்டினார், கையெழுத்துப் போடச் சொல்லி. இவ்வளவு காலம் கண்ணும் கருத்துமாகக் கட்டிக் காத்த பொய் கல்லாக இறுகிப்போய், அவளே உடைத்தாலும் உடையவில்லை. அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

“நான் திரும்பி நிக்கிறேன். நீங்க பேசுங்க” என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

எதிரே வெளிர்ப்பச்சைச் சுவர். ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே சுண்ணாம்பு உதிர்ந்த இடம். பாதத்துக்கு அடியில் உருளையின் அதிர்வு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. அந்த ஆலையில் அவள் ஒரு மனிதருக்கு விரும்பி முதுகைக் காட்டியது கிடையாது. பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். அவள் வேலையை, அவள் பொய்யை, அவள் வெந்துபோக வைத்த மூன்று விரல்களைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். தாளைக் கிழித்துக்கொண்டிருக்கலாம். சிரித்துக்கொண்டிருக்கலாம். எழுந்து அறையை விட்டே போயிருக்கலாம். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. திரும்பினால் கேட்டுவிட்டது என்பார்கள். அவள் திரும்பவில்லை. ஆணியையே பார்த்துக்கொண்டு, யாராவது தொடுங்கள், யாராவது வந்து தொடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றாள்.

கடைசியில் தோளில் ஒரு கை பட்டது. உடம்பு தூக்கிப்போடத் திரும்பினாள். தொட்டது கன்னக்குழி. அவள் அழுதுகொண்டிருந்தாள். சூப்பர்வைசர் கதவருகில் நின்றிருந்தார். அவருடைய உள்ளங்கைகள் இரண்டும் சிவந்திருந்தன, அவள் தலைக்குப் பின்னால் நின்று பலமுறை கை தட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தாளில் கன்னக்குழியின் பெயர் இரண்டு கோடு போட்டு அடிக்கப்பட்டு, அதற்கு மேலே மகாராணியின் பெயர் புது மையில் எழுதப்பட்டிருந்தது.

மேனேஜர் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றார். குனிந்து, முகத்தை முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்தார். வாயை அகலமாகத் திறந்தார். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக இழுத்து, பல்லும் நாக்கும் தெரிய, கன்னத்தை உப்பி, மெல்ல மெல்லப் பேசினார். கைகளாலும் காற்றில் ஏதோ வரைந்து காட்டினார். ஒன்பது வருடமாகத் தெருக்கோடியில் நின்று பேசினாலும் அவள் படித்துவிடக்கூடிய உதடுகள் அவை. இப்போது அந்த வாயிலிருந்து ஒரு சொல்கூட அவளுக்குப் புரியவில்லை. அவர் மறுபடியும் தொடங்கினார், இன்னும் அகலமாக, இன்னும் மெதுவாக. அவள் தலையாட்டவில்லை.

கன்னக்குழி அவள் கையைப் பிடித்து ஆட்டி, என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றாள் அவள், மேனேஜரும் சூப்பர்வைசரும் பார்க்க, இரண்டு கைகளாலும்.